ஆறாவது கட்டத்தில் எழுதியது

1

“அந்த ஊருக்கு நீ நிஜமாகவே போனாயா, இல்லை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து படிவங்களை நிரப்பினாயா?”

பேராசிரியர் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. இங்கே யாரும் எதையும் கோபமாகக் கேட்பதில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வெளியே மழையா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். அறையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். நால்வரும் தங்கள் முன்னால் இருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

“போனேன்” என்று மட்டும் சொன்னேன். அது கமுதிக்கு மேற்கே நான் பிறந்து வளர்ந்த ஊர் என்று சொல்லவில்லை. ஆய்வில் ஊர்களுக்கு எண்கள்தான் உண்டு. சொந்த ஊர் என்று அப்போது சொன்னால் அது பதிலாக இருக்காது, சலுகை கேட்பதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

நான் இங்கிலாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் முடிகிறது. இதையெல்லாம் கொண்டாடும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் விசா வருடக் கணக்கில்தான் நடக்கிறது. வருகிற ஜனவரியில் அது முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால், மாணவியின் முன்னேற்றம் திருப்தியாக இருக்கிறது என்று பேராசிரியர் கடிதம் தர வேண்டும். படிவங்களைப் பேருந்து நிலையத்தில் நிரப்பியவள் என்று சந்தேகப்படும் ஒருத்திக்கு அவர் அந்தக் கடிதத்தைத் தர முடியாது. தரவும் கூடாது.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பரமக்குடியில் விடுதியில் தங்கிப் படித்து, மதுரையில் மேற்படிப்பு முடித்து, இங்கே வந்தேன். பொய் எழுதினேன் என்று என்னைத் திருப்பி அனுப்பினால், அது என்னோடு நிற்காது. எங்கள் தெருவில் பெண் பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்தலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு காரணம் கூடுதலாகக் கிடைக்கும்.

2

இங்கே உனக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் விளக்கத்தையே இங்கும் எழுதுகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும், முன்னோரிடமிருந்து படியெடுத்துப் படியெடுத்து வந்த ஒரு நீண்ட எழுத்து இருக்கிறது. அதில் ஒரு பகுதி அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். அதற்கு ஒய் குரோமோசோம் என்று பெயர். இன்னொரு சிறிய பகுதி அம்மாவிடமிருந்து பிள்ளைகள் எல்லோருக்கும் வரும். மகனுக்கும் வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும், மகள்தான் அதைக் கடத்துவாள். படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். மாறிய ஆளின் வாரிசுகள் எல்லோரிடமும் அந்த மாற்றம் இருந்துகொண்டே இருக்கும். உலகத்து மனிதர்களிடம் இந்த மாற்றங்களைத் தேடி, யாருக்கு யாரோடு பங்கு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பின்னோக்கிப் போனால், எல்லாக் கோடுகளும் ஆப்பிரிக்காவில் போய்ச் சேர்கின்றன.

அங்கிருந்து ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சிறு கூட்டம் கிளம்பியது. கடலோரமாகவே வந்து, நம் கரையைக் கடந்து, ஆஸ்திரேலியா வரைக்கும் போயிருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். அவர்கள் நடந்த கரை இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அப்போது கடல் மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது; ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போகலாம். அவர்கள் போட்டுவிட்டுப் போன கல்லும் எலும்பும் கடலுக்குள் போய்விட்டதால், இன்று உயிரோடு இருப்பவர்களின் உடம்பில்தான் தேட வேண்டியிருக்கிறது. தென் தமிழ்நாட்டில் சில ஆண்களிடம் அந்தப் பழைய மாற்றங்கள் இன்னும் இருக்கின்றன. அவை எந்தெந்தக் கூட்டங்களில், எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஜெயா அக்கா. மன்னார்க்காரர். சிறு வயதில் படகேறி வந்து மண்டபம் முகாமில் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். கடல் வற்றியிருந்த கதையை அவரிடம் சொன்னபோது, காய்கறி நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

“அப்ப நாங்கள்தான் பிந்திப் போனம். கொஞ்சம் முந்தி வெளிக்கிட்டிருந்தா நடந்தே வந்திருக்கலாம். போட்டில அவ்வளவு சத்தி எடுத்திருக்கத் தேவையில்லை.”

வாந்தியைத்தான் சத்தி என்கிறார். நாங்கள் சிரித்ததைக் கேட்டு அவருடைய மகள் அபி, என்ன சிரிப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அக்கா தமிழில் சொன்னார். அவள் பாதி புரிந்து, ஆங்கிலத்திலேயே “ஓ” என்றாள். அவளுக்கு மண்டபமும் ஆப்பிரிக்காவும் ஒரே தூரம்தான்.

3

என் ஊரில் மாதிரி எடுத்தது மிளகாய்ப் பழம் பறிக்கும் மாதத்தில். நாற்பத்தெட்டு ஆண்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேரிடம் எடுக்கக் கூடாது. அப்பா கொடுத்தால் மகன் கூடாது, அண்ணன் கொடுத்தால் தம்பி கூடாது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியை வைத்துத் தேய்த்து, குழாயில் போட்டு மூட வேண்டும். எளிய வேலைதான். ஆனால் வெற்றிலை போட்ட வாயில் குச்சியை விட்டால் சிவந்துதான் வரும். ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் கொடுத்து, கொப்பளிக்கச் சொல்லி, அரை மணி நேரம் எதையும் மெல்லாமல் உட்கார வைக்க வேண்டும். எங்கள் ஊர் ஆண்களை அரை மணி நேரம் மெல்லாமல் உட்கார வைத்தவள் என்று எனக்கு அப்போது ஒரு பெயர் கிடைத்தது.

படிவத்தில் ஏழு கட்டங்கள். பெயர், வயது, ஊர், அப்பா ஊர், அம்மா ஊர், ஆறாவதாகக் குலப்பிரிவு, ஏழாவதாகக் கைநாட்டு. ஆறாவது கட்டத்துக்கு நான் எல்லோரிடமும் “என்ன கிளை?” என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவரை விசாரித்தால் ஊர், அப்பன் பேர், அதற்கடுத்து கிளைதான். அவர்களும் தயங்காமல் சொன்னார்கள்.

முனியசாமி மாமா, என் அம்மாவின் தம்பி, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏத்தா காளி, கிளையெல்லாம் தொளாவிக் கேக்குற. பொண்ணு எதுவும் கைவசம் வச்சிருக்கியா?” என்றார். வரிசையில் உட்கார்ந்திருந்த கல்யாணமாகாதவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சிரித்துக்கொண்டே எழுதினேன். ஊரில் பெண் பார்க்கும்போது ஏன் கிளையைத் துழாவிக் கேட்கிறார்கள் என்று அந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசித்திருந்தால், இரண்டு வருடத் தொல்லை மிச்சமாகியிருக்கும். படிவத்தை நிரப்புவதில் குறியாக இருந்தேன்.

4

படிவங்கள் கணினியில் ஏறின. குழாய்கள் உறைபெட்டிக்குப் போயின. நான் வேறு பகுதி வேலையில் இருந்தேன். ஒப்பிடும் வேலையை இன்னொருவர் செய்தார். எதிர்பார்ப்பு எளிமையானது: ஒரே குலப்பிரிவைச் சேர்ந்த ஆண்கள் ஓர் அப்பனின் வழிவந்தவர்கள், ஆகவே அவர்களின் ஒய் குரோமோசோம் ஒன்றுபோல, அல்லது நெருங்கியதாக இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. என் ஊரில் மட்டும் நாற்பத்தெட்டும் சிதறிக் கிடந்தன. ஒரே பிரிவு என்று எழுதியவர்களுக்குள் எந்த உறவும் தெரியவில்லை. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல இருந்தது.

இதற்கு இரண்டே காரணங்கள் இருக்க முடியும் என்றார்கள். குழாய்கள் மாறிப்போயிருக்க வேண்டும். அல்லது ஆறாவது கட்டத்தில் வாய்க்கு வந்ததை எழுதியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

மூன்று வாரம் குழாய் எண்களைச் சரிபார்த்தேன். என் கையெழுத்தை என்னாலேயே நம்ப முடியாத நிலை வந்தது. வெயிலில் வரிசை மாறியிருக்குமோ, ஒன்பதையும் நான்கையும் குழப்பியிருப்பேனோ என்று ஒவ்வொரு காகிதத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு பிழையும் கிடைக்கவில்லை. பிழை கிடைக்காதது எனக்குச் சாதகமாக இல்லை. பொய் எழுதுகிறவர்கள் எண்களைச் சுத்தமாகத்தான் எழுதுவார்கள்.

இதற்கு நடுவில் விசா நீட்டிப்புப் படிவத்தைப் பற்றி விசாரிக்கப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு இங்கே பெயர் மிஸ் கருப்பையா. அது என் அய்யாவின், அப்பாவின், பெயர். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். அய்யா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து வங்கி, மருத்துவமனை, நூலகம் எல்லாம் மிஸ் கருப்பையாவுக்குத்தான் கடிதம் போடுகின்றன. கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர் அவர். அவர் பெயரை இவ்வளவு பேர் தினமும் தப்பாக உச்சரிப்பது அவருக்குத் தெரியாது.

“மிஸ் கருப்பையா, உங்கள் துறையின் கடிதம் இல்லாமல் நாங்கள் எதுவும் செய்ய முடியாது” என்றார் அந்த அம்மையார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

5

சனிக்கிழமை காலை அம்மாவோடு பேசுவேன். பக்கத்து வீட்டுக் கைபேசிக்குப் பேசினால் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அந்த வாரம் அம்மா ஒரு செய்தி வைத்திருந்தார். சாயல்குடியிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. என்னைக் கேட்காமல் பேச ஆரம்பித்திருந்தார்கள். இப்போது என்னைக் கேட்காமலேயே நிறுத்தியும் விட்டார்கள்.

“அந்தச் சாயல்குடி மாப்பிள்ளைய வேணாம்னுட்டோம்.”

“நல்லதாப் போச்சு. ஏன்?”

“ஒரே கிளையாப் போச்சுத்தா. அந்தப் பய ஆத்தாளும் நம்ம கிளைதானாம். ஒனக்கு அண்ணன் மொறை ஆகுது. நல்லவேளை, பூ வைக்கிறதுக்கு முன்னால கேட்டோம்.”

“அவுக அய்யா வேற கிளையாம்மா?”

“அவரு எந்தக் கிளையா இருந்தா நமக்கென்ன. பிள்ளைக்கு ஆத்தா கிளைதானடி. இதுகூடத் தெரியாமயா அம்புட்டு தூரம் போய்ப் படிக்கிற?”

“சாரிம்மா, ஒரு நிமிசம்” என்றேன்.

“யாருக்குடி சாரி சொல்ற? போனைப் பிடிச்சுக்கிட்டு ஊமை கணக்கா நிக்கிறா” என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னார்.

எங்கள் சாதியில் கிளை அம்மாவழி வருவது; மற்ற ஊர்களில் மாதிரி கொடுத்த சாதிகளில் பிரிவு அப்பா வழி. அம்மாவும் நானும் முனியசாமி மாமாவும் ஒரு கிளை. அய்யா வேறு கிளை. மாமாவின் பிள்ளைகள் அவர்கள் அம்மாவின் கிளை. ஒரே கிளையில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அண்ணன் தங்கை, கட்டிக்கொள்ளக் கூடாது. அய்யா வழியில் வருவது குலசாமி கோயில். மாசியில் எந்தக் கோயிலுக்குப் போய்க் கும்பிட வேண்டும் என்பது அது. பிறந்ததிலிருந்து எனக்கு இது தெரியும். நடக்கத் தெரிவதுபோலத் தெரியும். ஆய்வை வகுத்தவர்கள் குலப்பிரிவு என்றாலே அப்பாவிடமிருந்து வருவது என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு வரி விளக்கம் இங்கே அவர்களுடைய கையேட்டில் இருந்தது. ஊரில் என் கையில் இருந்த படிவத்தில் இல்லை. நாற்பத்தெட்டு ஆண்களின் அம்மா வழியை, அவர்களின் அப்பன் வழி என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான். ஒரே கிளையில் இருக்கும் ஆண்களின் அப்பன்மார் வெவ்வேறு கிளைக்காரர்கள். அவர்களின் ஒய் குரோமோசோம் சிதறித்தான் கிடக்கும்.

எந்தக் கோயில் என்று கேட்டிருக்க வேண்டும். என்ன கிளை என்று கேட்டுவிட்டேன்.

6

திங்கட்கிழமை பேராசிரியரிடம் சொன்னேன். ஊர் என் ஊர் என்பதையும் இந்த முறை சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். ஒரு தாளில் நான் வரைந்து காட்டிய உறவு முறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமா, சித்தப்பா இரண்டு பேருக்கும் அவர் மொழியில் ஒரே சொல் என்பதால் அது விளங்க நேரமானது.

“நல்ல விளக்கம்” என்றார். “ஆனால் முடிவைப் பார்த்த பிறகு வந்த விளக்கம்.”

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சிதறிக் கிடப்பதற்கு என் விளக்கமும் பொருந்தும், குழாய் மாறியது என்ற விளக்கமும் பொருந்தும். என் ஊரை விட்டுவிட்டு மற்ற ஊர்களை வைத்துக் கட்டுரையை முடித்துவிடலாம் என்றார். யாரும் என்னைக் குற்றம் சொல்லி எழுத மாட்டார்கள். நாற்பத்தெட்டு குழாய்கள் மட்டும் அழிக்கப்படும். கடிதம் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

இரண்டு விளக்கங்களையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருப்பதாகச் சொன்னேன். அதே குழாய்களில் அம்மா வழியைப் படிக்க வேண்டும். குழாய்கள் மாறியிருந்தால் அதுவும் சிதறும். மாறாமல் இருந்தால், ஒரே கிளைக்காரர்களின் அம்மா வழிக் கோடுகள் கூடி நிற்க வேண்டும். அவர் அதற்கு ஒப்புதல் இல்லையே என்றார்.

உண்மைதான். கைநாட்டு வாங்கிய படிவத்தில் அப்பன் வழியை ஆராய என்றுதான் எழுதியிருந்தது. அறநெறிக் குழுவுக்குப் பதினோரு பக்கத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் புதிதாகக் கேட்க வேண்டும், கேட்பது நானாக இருக்கக் கூடாது என்றார்கள். மதுரைக் கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வாளர் ஊருக்குப் போனார். வீடு காட்ட மாமா போனார். அந்த இரண்டு நாள் கதையை மாமா பிறகு போனில் சொன்னார்.

முதல் வீட்டிலேயே மறித்திருக்கிறார்கள். “முன்ன அப்பன் வழின்னீக, இப்ப ஆத்தா வழிங்கிறீக. அடுத்து வந்து மாமியா வழி கேப்பீகளோ?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஆய்வாளர் விளக்கத் தொடங்க, மாமா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தானே எடுத்துச் சொல்லியிருக்கிறார்: கிளையைத் தப்பான கட்டத்தில் எழுதிவிட்டது நம் வீட்டுப் பிள்ளை, அதைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறோம். அந்தப் பேச்சை நான் எழுதிக் கொடுக்கவில்லை. என் தவறை ஊர் முழுக்க வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார் என்று கேட்டபோது முகம் சுட்டது.

“அப்படிச் சொல்லணுமா மாமா?”

“பின்ன என்னத்தச் சொல்ல? இங்கிலீசுல சொல்லிருந்தா ஒருத்தன் கைநாட்டு வச்சிருக்க மாட்டான். தப்புன்னு சொன்னதும்தான் சரின்னான்.”

முப்பத்தொன்பது பேர் சம்மதித்தார்கள். ஆறு பேர் திருப்பூரிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். ஒருவர் இறந்துவிட்டிருந்தார். இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் சொன்னதை மாமா அப்படியே சொன்னார்: “எங்காத்தா எந்தக் கிளைன்னு ஊருக்கே தெரியும். அத மெசினு சொல்லி நான் கேக்கணுமா?”

அவருடைய அம்மா வெளியூரிலிருந்து வந்தவர். கல்யாணம் நடப்பதற்காக அவரை ஒரு கிளையில் சேர்த்துக்கொண்டார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் இன்னும் இருக்கலாம். கிளை என்பது முழுக்க இரத்தம் அல்ல. எத்தனை தலைமுறையில் எத்தனை பேர் இப்படி வந்து சேர்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குழாய்கள் மாறாமல் இருந்தும் கோடுகள் கூடாமல் போகலாம். மறுத்த இருவரின் குழாய்களையும் விதிப்படி அழித்தேன்.

7

கைநாட்டு வைத்த முப்பத்தொன்பது படிவங்கள் போன வாரம் கூரியரில் வந்தன. ஜெயா அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். மிளகாய்த் தூள் மணம் அடிப்பதாக அபி மூக்கைச் சுளித்தாள். உறையைப் பிரித்து நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நேற்று பேராசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். கோடுகள் கூடி நின்றால் என் ஊரைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும். ஆறாவது கட்டத்தில் நடந்த தவறை என் பெயரிலேயே அதில் எழுத வேண்டும். கூடவில்லை என்றால், குழாய்களை மாற்றியது நான்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். நீட்டிப்புக் கடிதம் எனக்கு வேண்டாம். கிளையில் வெளியாட்கள் சேர்ந்திருப்பார்கள் என்ற காரணத்தை நான் பிறகு கொண்டுவர மாட்டேன். முடிவைப் பார்த்த பிறகு இன்னொரு விளக்கத்தோடு அவர் கதவைத் தட்டுவதாக இல்லை.

அவர் படித்துவிட்டு, இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றார். வேண்டுமானால் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜெயா அக்காவும் வீட்டில் அதைத்தான் வேறு மாதிரி சொன்னார்: “உமக்கென்ன விசரா? ஆராவது தன்ர காலுக்குத் தானே கண்ணி வைப்பினமா?”

கடிதம் பேராசிரியர் மேசையில்தான் இருக்கிறது. இன்று காலை ஒன்பதரைக்கு முப்பத்தொன்பது குழாய்களையும் உறைபெட்டியிலிருந்து எடுத்தேன். உருக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி தட்டில் இட்டு, எண்களை இன்னொருவரை விட்டுச் சரிபார்த்து, தட்டை இயந்திரத்துக்குள் வைத்து மூடியை இறக்கினேன். பொத்தானை அழுத்திவிட்டேன்.